சோதனைக் குழாய்க் குழந்தை: சுபாஷ் முகோபாத்யாயின் சாதனையை மீட்டெடுத்த மும்பை விஞ்ஞானி

மும்பை: இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 1986 ஆகஸ்ட் 6ஆம் தேதி பிறந்ததாகவே நாடு நீண்டகாலம் நம்பி வந்தது. ஆனால், அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கொல்கத்தாவில் அச்சாதனையை நிகழ்த்தியிருந்தார் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். அவர் வாழ்ந்த காலத்தில் அரசு அதை ஏற்கவில்லை.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஹசாரிபாக் நகரில் 1931 ஜனவரி 16ஆம் தேதி பிறந்த முகோபாத்யாய், 1955இல் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். இனப்பெருக்க உடலியலில் 1958இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தையும், 1967இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார். தாயகம் திரும்பி, மருத்துவக் கல்லூரிகளில் உடலியல் கற்பித்தார்.

கருக்குழாய் அடைபட்ட பெண்களுக்குத் தாய்மை சாத்தியமா என்பதே அவரை ஆட்கொண்ட வினா. பிரிட்டனில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ ஆகியோர் இயற்கையான மாதச் சுழற்சியில் முதிரும் ஒரே கருமுட்டையைக் கொண்டு 1978 ஜூலை 25ஆம் தேதி லூயிஸ் பிரவுனைப் பிறக்கச் செய்தனர். முகோபாத்யாயோ வேறு வழியில் சென்றார். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஹார்மோனைச் செலுத்தி, ஒன்றுக்கு மேற்பட்ட கருமுட்டைகளை முதிரச் செய்தார்.

அந்த ஹார்மோன் கருமுட்டையின் மீது நேரடியாகச் செயல்படுவதைவிட, அதைச் சூழ்ந்துள்ள செல்களின் வழியாகவே பெரிதும் செயல்படுகிறது. முதிர்ச்சியின்போது இச்செல்கள் ஹையலூரோனிக் அமிலத்தைச் சுரந்து, கருமுட்டையைச் சுற்றி மென்மையான மேகம்போல் விரிகின்றன. அவை வெளியிடும் புரோஜெஸ்டிரான், விந்தணுவின் வாலில் உள்ள கால்சியம் வாயிலைத் திறக்கிறது; அதனால் வால் வேகமாகத் துடிக்கிறது. ஜெர்மனி, அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் 2011இல் உறுதிசெய்த இந்த நுட்பம் முகோபாத்யாயின் காலத்தில் அறியப்படாத ஒன்று. எனினும், கருமுட்டையின் சூழலைத் தயார்படுத்தும் ஹார்மோனை அவர் அப்போதே கையாண்டார்.

உறைநிலை அறிவியலில் தேர்ந்த சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோர் அவருடன் இணைந்தனர். யோனி வழியாகக் கருமுட்டைகள் எடுக்கப்பட்டு, உடலுக்கு வெளியே கருவுறச் செய்யப்பட்டன. உருவான கருக்கள் டைமெத்தில் சல்பாக்சைடின் பாதுகாப்பில் 53 நாட்கள் உறையவைக்கப்பட்டு, பின்னர் தாயின் கருப்பைக்கு மாற்றப்பட்டன. 1978 அக்டோபர் 3ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன. துர்கா பூஜையையொட்டி அக்குழந்தை துர்கா என அழைக்கப்பட்டது.

இதன் பின்னரே அவரது துயரம் தொடங்கியது. மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழுவில் செயற்கைக் கருத்தரிப்பில் அனுபவமுடைய எவரும் இல்லை. அக்குழு அவரது கூற்றை நம்பத்தக்கதன்று என நிராகரித்தது. ஜப்பானில் தம் ஆய்வை விளக்க வந்த அழைப்பை ஏற்றுச் செல்லவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூன் மாதத்தில் அவரது துறைக்குத் தொடர்பில்லாத கண் மருத்துவ நிறுவனத்திற்கு இடமாற்றப்பட்டார். மனமுடைந்த அவர், 1981 ஜூன் 19ஆம் தேதி தமது 50ஆவது வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1984இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உறையவைக்கப்பட்ட கருவிலிருந்து குழந்தை பிறந்தபோது, அதுவே உலகின் முதல் நிகழ்வெனப் போற்றப்பட்டது. தொடர்ந்து 1986இல் மும்பையில் டி.சி. ஆனந்த்குமார், மருத்துவர் இந்திரா ஹிந்துஜா ஆகியோரின் முயற்சியால் ஹர்ஷா பிறந்தார். பரேலில் உள்ள இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தை வழிநடத்திய ஆனந்த்குமார், இந்தியாவின் முதல் சாதனையாளர் என்ற பெருமையைப் பெற்றார்.

1997இல் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் ஆனந்த்குமாரின் கைக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்த அவர், கொல்கத்தா மருத்துவரின் கூற்று உண்மையே என்ற முடிவுக்கு வந்தார். முதன்மை என்னும் பெருமை தமக்கு உரியதன்று எனத் தாமே முன்வந்து, அதே ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2002இல் முகோபாத்யாயின் பணியை அங்கீகரித்தது. ஆனந்த்குமார் 2010இல் காலமானார்.

ஹார்மோன் தூண்டுதல், யோனி வழியாகக் கருமுட்டை சேகரித்தல், கருவை உறையவைத்துப் பின்னர் மாற்றுதல் ஆகிய மூன்றும் இன்று மும்பை உட்பட உலகெங்கும் உள்ள கருத்தரிப்பு மையங்களில் அன்றாட நடைமுறைகள். சொந்த ஊரில் மதிக்கப்படாத ஒரு மருத்துவர் 1978இலேயே இம்மூன்றையும் ஒருங்கே கையாண்டிருந்தார் என்பதற்கு, அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளே சான்றாகின்றன.