அணுவா, ஆதவனா? – டி. டி. கோசாம்பியின் வாழ்வும் வாதமும்

வரலாறு பயிலும் மாணவர்க்கு டி. டி. கோசாம்பி என்னும் பெயர் புதிதன்று. ஆயின் அவர் தொழிலால் கணித அறிஞர் என்பதும், நாட்டின் மின்சக்திக் கொள்கை பற்றித் துணிந்து வாதிட்டவர் என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

தாமோதர் தர்மானந்த கோசாம்பி 1907ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கோவாவில் பிறந்தார். தந்தையார் தர்மானந்த கோசாம்பி பாலி மொழியிலும் பௌத்தத்திலும் பேரறிஞர். தந்தையாருடன் சிறு வயதிலேயே அமெரிக்கா சென்ற கோசாம்பி, 1929இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். காசியிலும் அலிகாரிலும், பின்னர்ப் பூனா பெர்குசன் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். பழைய முத்திரை நாணயங்களை ஆயிரக்கணக்கில் தராசிலிட்டு நிறுத்தார். கைமாறக் கைமாற நாணயம் தேயும். அத்தேய்மானத்தைப் புள்ளியியல் வழியே கணக்கிட்டு அவற்றின் காலவரிசையைத் துணிந்தார். எதனையும் நிறுத்துப் பார்த்தே ஏற்பது அவர் இயல்பு.

ஹோமி பாபா 1945இல் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில், பாபாவின் அழைப்பை ஏற்று கோசாம்பி சேர்ந்தார். பூனாவிலிருந்து டெக்கான் குவீன் ரயிலில் பம்பாய் சென்று பணிபுரிந்தார். நிலக்கரி வயல்கள் பெரும்பாலும் கிழக்கே கிடக்க, மேற்கும் தெற்கும் தொலைதூரத்திலிருந்து கரியைச் சுமந்து வரவேண்டியிருந்தது. எனவே அணுமின்சாரமே வழி என்று பாபா கருதினார். கேரளத்திலும் குமரிக் கரையிலும் மணலில் உள்ள தோரியத்தை இறுதியில் எரிபொருளாக்கும் மூன்று கட்டத் திட்டத்தையும் அவர் வகுத்தார். இது வலுவான வாதமே.

அதே நிறுவனத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டே கோசாம்பி மறுப்புரைத்தார். அணு உலைக்குப் பெருமுதல் வேண்டும். கதிரியக்க ஆபத்தும் உண்டு. கதிரவனோ ஆண்டின் பெரும்பகுதி நம் நாட்டில் கூலியின்றிக் காய்கிறான். சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு அவ்வாற்றலை அங்கங்கேயே பயன்படுத்தலாம். விறகுக்காகக் காடு அழியாது. அடுப்பில் எரியும் சாணம் வயலுக்கு எருவாகும். உலகச் சமாதான இயக்கத்தில் பங்கேற்ற அவருக்கு, அணுவின் மறுபக்கம் குண்டு என்பதும் மறக்கவில்லை.

1962இல் அவரது பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணங்கள் பலவாறு சொல்லப்படுகின்றன. அணுசக்தி பற்றிய கருத்து அவற்றுள் ஒன்று. அவர் சோர்ந்துவிடவில்லை. பண்டைய இந்தியப் பண்பாடு பற்றிய புகழ்பெற்ற நூலை 1965இல் வெளியிட்டார். 1966 ஜனவரி 24இல் பாபா விமான விபத்தில் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் 29இல் பூனாவில் கோசாம்பியும் காலமானார். வாதிட்ட இருவரையும் ஒரே ஆண்டு கொண்டுபோயிற்று. வாதம் மட்டும் நின்றது.

நம் மாநிலத்தில் இரண்டு வழிகளும் உள்ளன. கல்பாக்கத்தின் முதல் அணுமின் அலகு 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் எழுந்தது. 2025 தொடக்கத்தில் இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. அணுமின் திறனோ அப்போது ஏறத்தாழ 8,000 மெகாவாட்.

இதனால் கோசாம்பி வென்றார், பாபா தோற்றார் எனத் தீர்ப்புக் கூறிவிட இயலாது. மாலையில் கதிரவன் மறைவான். அணு உலை இரவிலும் இயங்கும். ஆகவே நிறுவுதிறனை மட்டும் ஒப்பிடுவது நிறைவான கணக்கன்று. சூரிய மின்கலம் மலிவானதும் அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே. மறுபுறம், உலையின் கதிரியக்கக் கழிவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தாக வேண்டும். இரு தட்டிலும் எடை உண்டு.

நமக்குப் பாடம் அதுவன்று. தராசையே எடுக்காமல் ஒரு பக்கம் சாய்வது அறிவாகாது. அறிஞர் பலர் ஒன்றைப் புகழும்போது, மற்றத் தட்டையும் நிரப்பிப் பாருங்கள் எனச் சொல்ல ஒருவர் வேண்டும். தம் பணிக்கே ஊறு நேரக்கூடும் என்ற நிலையிலும் அதைச் சொன்னவர் கோசாம்பி. கற்றறிந்த மாணவ நண்பர்கள் போற்ற வேண்டியது அந்த நெஞ்சுரத்தையே ஆகும்.