வெள்ளைக்கரை இலையும் சீபோல்டும்

தாவரவியல் மாணவர்களாகிய எங்களுக்கு இலத்தீன் பெயர்கள் என்றாலே ஒரு நடுக்கம். தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்துவிடுவதே எங்கள் வழக்கம். ஆனால் இரு பெயர்கள் மட்டும் என்னை விடவில்லை. ஒன்று ஹோஸ்டா சீபோல்டியானா. மற்றொன்று ஹோஸ்டா சீபோல்டி. பெயர் ஏறக்குறைய ஒன்று. செடிகளோ வேறு வேறு. இரண்டும் ஒரே மனிதரின் நினைவைத் தாங்குபவை. யார் அந்த மனிதர் என்று தேடப் புகுந்தேன். அறிந்ததை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஹோஸ்டா நம் சமவெளிக்கு உரிய செடியன்று. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளே அதன் தாயகம். குளிர்காலத்தில் இலைகள் யாவும் மடிந்துபோகும். வேர்த்தூர் மண்ணுக்குள் உறங்கும். வசந்தத்தில் சுருட்டிய குருத்துகளாக மீண்டும் எழும். அக்குளிர் உறக்கம் இல்லாவிடில் செடி நலிந்துவிடும். மேலைநாட்டார் தம் வீட்டுத் தோட்டங்களில், மரநிழல் விழும் மூலைகளில், இதை ஆசையோடு வளர்க்கிறார்கள். பூவுக்காக அன்று, இலைக்காக. பச்சை இலைக்கு வெள்ளைக் கரை, மஞ்சள் கரை, நடுவில் வெள்ளைப் பட்டை எனப் பட்டுச் சேலையைப் போலப் பல வகைகள் உண்டு.

இச்செடிகளில் பலவற்றை ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவரே பிலிப் பிரான்ஸ் வான் சீபோல்ட். 1796 பிப்ரவரி 17-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், மருத்துவர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1820-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஊரில் வைத்தியம் பார்த்துக் காலம் தள்ள அவர் மனம் ஒப்பவில்லை. 1822-இல் டச்சு இராணுவ மருத்துவராகக் கப்பலேறி, ஜாவாவின் படேவியா நகர் வழியாக 1823 ஆகஸ்டில் நாகசாகி சேர்ந்தார்.

அந்நாளில் ஜப்பான் தன் கதவுகளை அடைத்து வைத்திருந்த நாடு. ஐரோப்பியருள் டச்சுக்காரர்களுக்கு மட்டுமே இடம். அதுவும் நாகசாகித் துறைமுகத்தில் மனிதர் கட்டிய தெஜிமா என்னும் விசிறி வடிவத் தீவில் மட்டுமே. அனுமதியின்றி அவர்கள் பாலத்தைத் தாண்டக் கூடாது. சீபோல்டின் டச்சு உச்சரிப்பைக் கேட்டு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் ஐயுற்றபோது, அவர் மலைநாட்டு டச்சுக்காரர் என்று சொல்லிச் சமாளித்தார்களாம். ஹாலந்தில் மலை ஏது என்று கேட்க அங்கே எவருக்கும் தெரியவில்லை!

அவருடைய மருத்துவம் பூட்டிய கதவைத் திறந்தது. 1824-இல் நாகசாகியை அடுத்த நருதாகியில் ஒரு பள்ளி தொடங்கினார். தொலைவான ஊர்களிலிருந்தும் ஜப்பானிய மருத்துவர்கள் அங்கே பயில வந்தனர். அவர்கள் செடிகளைச் சேர்த்துத் தந்தனர். தம் நாட்டைப் பற்றி டச்சு மொழியில் கட்டுரைகள் எழுதித் தந்தனர். கவஹாரா கெய்கா என்னும் ஓவியர் செடிகளை வரைந்து தந்தார். தெஜிமாவில் சீபோல்ட் அமைத்த தோட்டம் இவ்வாறுதான் நிறைந்தது. குசுமோட்டோ தாகி என்ற பெண்ணுடன் அவர் வாழ்ந்தார். 1827-இல் இனே என்ற மகள் பிறந்தாள்.

1826-இல் டச்சுத் தூதுக் குழுவுடன் தலைநகரான எடோவுக்குச் சென்றார். அங்கே அரசவை வானியலாளர் தகஹாஷி ககெயாசுவின் நட்புக் கிடைத்தது. அவரிடமிருந்து ஜப்பானின் நிலப்படங்களைப் பெற்றார். நிலப்படத்தை அந்நியருக்குக் கொடுப்பது அந்நாட்டில் பெருங்குற்றம். 1828-இல் செய்தி வெளிப்பட்டது. தகஹாஷி சிறையிலேயே 1829-இல் உயிர் நீத்தார். மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் தண்டனைக்கு உள்ளாயினர். சீபோல்டுக்கு நாடு கடத்தல். அவ்வாண்டின் இறுதியில், தாகியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் கரையில் விட்டு, செடிகளோடு கப்பலேறினார்.

1830-இல் ஐரோப்பா வந்து சேர்ந்தபோது பெல்ஜியத்தில் புரட்சி மூண்டது. உயிர்ச்செடிகள் கெண்ட் நகரில் தங்கிவிட்டன. அவற்றில் ஒரு பகுதிதான் பின்னாளில் அவர் கைக்குத் திரும்பியது. லைடன் நகரில் குடியேறி, சுக்காரினி என்ற தாவரவியலாருடன் சேர்ந்து 1835 முதல் ஜப்பானியத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அருகே ஒரு தோட்டம் அமைத்துச் செடிகளை விற்கவும் செய்தார். ஹைட்ரேஞ்சியாச் செடி ஒன்றுக்கு ஒடாக்ஸா என்று பெயரிட்டார். அது தாகியின் பெயரே.

இனி அந்த இரு பெயர்களுக்கு வருகிறேன். சீபோல்டியானாவின் இலை அகன்று தடித்தது, நீலம் பூத்த மெழுகுப் படலம் உடையது, நரம்புகள் நெருங்கியவை, பூ ஏறக்குறைய வெண்மை. சீபோல்டியின் இலை ஈட்டி போல் குறுகியது, நரம்புகள் சில, பூ ஊதா நிறம், இலையோரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை. வண்ணக்கலப்பு இலையை நிறத்தைக் கொண்டு மட்டும் இனங்காணக் கூடாது. நிழல், வெயில், செடியின் வயது ஆகியவற்றால் நிறம் மாறும். இலையின் வடிவம், நரம்பின் எண்ணிக்கை, பூவின் நிறம், பூக்கும் காலம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

வளர்ப்பு முறையும் நுட்பமானது. வெண்பகுதியில் பச்சையம் இல்லை. உச்சி வெயில் பட்டால் கருகும். காலை வெயிலும், இலைமக்கு நிறைந்த ஈரமண்ணும் போதும். நத்தைகள்தாம் பெரும் பகை. சில வேளைகளில் முழுப்பச்சைக் குருத்து ஒன்று கிளம்பும். அது வலிமையானது, விட்டுவைத்தால் மற்றவற்றை அமுக்கிவிடும். ஆகவே அதைத் தூரோடு பிரித்து நீக்கிவிட வேண்டும். அனைத்திலும் முக்கியமானது ஒன்று: வெள்ளைக்கரைச் செடியின் விதையை விதைத்தால் பச்சைச் செடியே முளைக்கும். கரை வேண்டுமானால் வேர்த்தூரைப் பிரித்து நடவேண்டும்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. காட்டில் வளரும் சீபோல்டிக்கு வெள்ளைக் கரை இல்லை, அது முழுப்பச்சை. கரையுள்ள தோட்டச் செடி முதலில் ஐரோப்பா சேர்ந்ததால், அதற்கே இனப்பெயர் கிடைத்தது. காட்டுச்செடி பின்னர் அதன் ஒரு வடிவமாக எண்ணப்பட்டது. அப்படியானால், முதன்முதலில் அந்தக் கரையைக் கண்டு, பிரித்து நட்டு, பச்சைக் குருத்தை நீக்கி, அடுத்தவர் கையில் கொடுத்தவர் ஒரு ஜப்பானியத் தோட்டக்காரராகத்தான் இருக்க வேண்டும். கைவிட்டுக் கைமாறி இன்றும் வாழ்வது அச்செடியின் துண்டே. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெயர் நிலைத்தது சீபோல்டுக்கு.

சீபோல்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. தடை நீங்கியபின் 1859-இல் மூத்த மகனுடன் மீண்டும் ஜப்பான் சென்றார்; தாகியையும் இனேயையும் கண்டார். 1862-இல் திரும்பி, 1866 அக்டோபர் 18-ஆம் நாள் மியூனிக்கில் காலமானார். இனே மேலை மருத்துவம் பயின்று, ஜப்பானின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்று, 1903-இல் மறைந்தார். அவர் உழைப்பும் அறிவும் பெரியவை. ஆனால் அவருக்குக் கொடுத்தவர்கள் கொடுத்த விலையும் பெரியது.

எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் வெள்ளைப் பட்டை போட்ட மணிபிளாண்ட் கொடி ஒன்று உண்டு. அம்மா அதை எதிர்வீட்டு அத்தை கொடி என்றே சொல்வார். அத்தை ஊரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. தாவரவியல் படிக்காத அம்மாவுக்குக் கொடுத்தவர் பெயர் மறக்கவில்லை. இனி ஒரு பெயரை மனப்பாடம் செய்யும்போதெல்லாம், அதன் பின்னே பெயரற்று நிற்பவர் யார் என்று நானும் ஒரு கணம் கேட்டுக்கொள்வேன். நண்பர்களே, நீங்களும் கேட்டுப் பாருங்கள்.