வேதத்தைப் பிள்ளைகளிடம் கேட்டவர்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1797 வாக்கில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் இசபெல்லா. ஒன்பது வயதில் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டார். எழுத்து அவருக்குக் கடைசிவரை எட்டவில்லை. 1826இல் கைக்குழந்தையோடு ஆண்டை வீட்டைவிட்டு வெளியேறினார். சட்டத்தை மீறி அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகனை வழக்குப் போட்டு மீட்டார். 1843இல் சோஜர்னர் ட்ரூத் என்று தனக்குத் தானே பெயர் சூட்டி, ஊர் ஊராகப் பேசப் புறப்பட்டார்.

ஆண்டைகள் கையிலும் பைபிள் இருந்தது. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தைக் காட்டி, அடிமைமுறை கடவுள் வகுத்தது என்றார்கள். எகிப்தின் அடிமைகளைக் கடவுள் விடுவித்த யாத்திராகமமும் அதே நூலில்தான் இருக்கிறது.

பெரியவர்களைப் படிக்கச் சொன்னால் வசனத்தோடு தங்கள் விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆகவே ட்ரூத் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னார். அவர்கள் கேட்ட வரியையே எத்தனை முறையும் திரும்பப் படித்தார்கள்; எதையும் சேர்க்கவில்லை. கேட்டதைத் தன் மனச்சாட்சியோடு ஒப்பிட்டார். வேதத்தில் சத்தியம் பேசுகிறது, எழுதியவர்கள் தங்கள் கருத்தையும் கலந்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

1851இல் ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. இயேசு பிறந்தது கடவுளாலும் ஒரு பெண்ணாலும்தான், அதில் ஆணுக்கு என்ன பங்கு என்று அங்கே வேதத்திலிருந்தே கேட்டார்.

1883இல் மறைந்தார். ஒரு வசனத்துக்குப் பொருள் சொல்பவர் யார், அந்தப் பொருளால் யாருக்கு ஆதாயம்? எழுத்தறியாத அவர் இதைக் கேட்டார். படித்த நாமும் கேட்போம்.