எட்கர் காட்: வழியை மெஷினிடம் விட்டவர்

நேத்து வரைக்கும் நொடியில் வந்த பதில், ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்னைக்கு மட்டும் அரை நிமிஷம் சுத்துதா? உங்க க்வெரியில் ஒரு எழுத்துகூட மாறலை. அப்போ எது மாறுச்சு? இது புரியணும்னா எட்கர் காட் கதை தெரியணும்.

1923-ல் இங்கிலாந்தின் போர்ட்லாண்ட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தார், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டினார், 1948-ல் நியூயார்க் வந்து ஐ.பி.எம்.-ல் சேர்ந்தார். மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் சில வருடம் கனடாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, 40 வயசுக்கு மேல மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. முடித்தார்.

அப்போ ஒரு தகவலை எடுக்கணும்னா, எந்தப் பாய்ண்டரைப் பிடிச்சு எங்க போகணும்னு ப்ரோகிராமரே எழுதணும். சேமிக்கிற முறை மாறினா ப்ரோகிராமும் போச்சு. 1970-ல் காட் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத் தலைகீழாக்கியது. தகவல் எல்லாம் டேபிள்களாக இருக்கட்டும். என்ன வேணும்னு மட்டும் கேளுங்க, எப்படி எடுக்கிறதுன்னு மெஷின் பார்த்துக்கட்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப ஸ்லோவா ஓடுமேன்னு பலர் சந்தேகப்பட்டாங்க. ஐ.எம்.எஸ்.-ஐ விற்றுக்கொண்டிருந்த ஐ.பி.எம்.-மும் அவசரப்படலை. சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் குழுதான் இதைச் செய்து காட்டியது. அதில் பாட்ரிசியா செலிங்கரும் நண்பர்களும் உருவாக்கி 1979-ல் வெளியிட்ட ஆப்டிமைசர், டேபிளில் எத்தனை வரிசை, எந்த இண்டெக்ஸ் இருக்குன்னு கணக்குப் போட்டு, செலவு குறைந்த வழியைத் தானே தேர்ந்தெடுத்தது. 1981-ல் காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது. 2003-ல் மறைந்தார்.

இப்போ உங்க க்வெரிக்கு வருவோம். கேள்வி உங்களோடது, வழி ஆப்டிமைசரோடது. 100 வரிசை லட்சமாகியிருந்தா, இண்டெக்ஸ் இல்லாத டேபிளை அது முழுசாப் படிக்க வேண்டியதுதான். கையில் இருக்கிற புள்ளிவிவரம் பழசா இருந்தா தப்பான வழியில் போகும். தேதி காலத்தை ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டு வருஷத்தைத் தேடினா, அந்தக் காலத்துக்குன்னு போட்ட சாதாரண இண்டெக்ஸ் பெரும்பாலும் சும்மாவே கிடக்கும்.

அதனால சர்வரைத் திட்டுறதுக்கு முன்னாடி, ரேம் கூட்டச் சொல்றதுக்கும் முன்னாடி, க்வெரிக்கு முன்னால எக்ஸ்ப்ளெய்ன் போட்டு ஓட்டிப் பாருங்க. மெஷின் எந்த வழியில் போகுதுன்னு அதுவே சொல்லிடும்.