திருநாள் படங்களைத் தந்த நாகராஜன்

தென்காசியில் காசி விசுவநாதரைத் தரிசித்துக் குற்றாலம் செல்லும் அன்பர்கள், அருவியில் நீராடுவதோடு சித்திர சபையையும் கண்டு திரும்புவது வழக்கம். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இதிலே இறைவன் சுவரில் தீட்டிய ஓவியமாகவே ஆடுகிறான். ஏடு படிக்க அறியாதவரும் மனைவி மக்களோடு வந்து கண்டு களிக்கலாம். சித்திரத்தின் வாயிலாகப் பக்தி வளர்க்கும் இப்பணியை நம் காலத்தில் வெள்ளித்திரையிலே செய்தவர், காலஞ்சென்ற ஸ்ரீ ஏ. பி. நாகராஜன். சிவராத்திரி, சரஸ்வதி பூஜை முதலிய புண்ணிய தினங்களில் தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்து பார்க்கும் படங்களிற் பல அவர் தந்தவையே.

சேலம் ஜில்லாவில் சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டையில் 1928-ஆம் ஆண்டில் பிறந்த நாகராஜன், சிறு பிராயத்திலேயே டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையிற் சேர்ந்து, பெண் வேஷம் பூண்டு பெயர் பெற்றார். அச்சகோதரர்களோ சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்றவர்கள். ஆகவே நாடக மேடையே அவருக்குக் கல்விச்சாலையாயிற்று. அவர் எழுதிய 'நால்வர்' நாடகம் 1953-இல் படமானபோது அதில் நடித்தார். 1958-இல் 'சம்பூர்ண ராமாயண'த்துக்கு வசனம் எழுதினார். 1962-இல் 'வடிவுக்கு வளைகாப்பு' மூலம் டைரக்டரானார்.

சமூகப் படங்களும் பகுத்தறிவு வசனங்களும் ஓங்கியிருந்த காலத்தில், 1965-இல், 'திருவிளையாடல்' வெளிவந்தது. புராணக் கதையைத் தேனொழுகும் தமிழில் கேட்ட ஜனங்கள் அதை வெள்ளி விழாப் படமாக்கினர். 'சரஸ்வதி சபதம்' 1966-இலும், 'திருவருட்செல்வர்', 'கந்தன் கருணை' ஆகியவை 1967-இலும், 'திருமால் பெருமை' 1968-இலும் தொடர்ந்தன. குற்றாலத்தில் திருமாலைச் சிவலிங்கமாகக் குறுக்கியவர் என்று ஸ்தல புராணம் போற்றும் குறுமுனிவரை, 1972-இல் சீர்காழி கோவிந்தராஜனைக் கொண்டு 'அகத்தியர்' படத்தில் உலவவிட்டார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகிய 'ராஜராஜ சோழன்' 1973-இல் வெளிவந்தது. 1977-இல், ஐம்பது பிராயம் நிரம்புமுன்பே, அவர் மறைந்தார்.

அவரது படங்களைப் பக்திச் சரக்கென்று ஒதுக்கும் தேசபக்தர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். 'திருவிளையாடலில்' நாகராஜன் தாமே ஏற்ற வேஷம் நக்கீரர். பாட்டை இயற்றியவன் பரமனே என்று அறிந்தும் பிழையைப் பிழையென்று கூறி, அதனால் வரும் தண்டனைக்கும் அஞ்சாது நின்ற புலவர் அவர். அதிகாரத்தின் முன் உண்மை வணங்கலாகாது என்ற பாடத்தை, மேடைப் பிரசங்கம் எட்டாத அடுக்களைக்கும் இக்காட்சி கொண்டு சென்றது. கல்வி, செல்வம், வீரம் மூன்றும் தம்முள் கலகமிட்டால் நாடு உய்யாது என்பதன்றோ 'சரஸ்வதி சபத'த்தின் சாரம்? சுதந்திர நாட்டுப் பிரஜைகளுக்கு இதனினும் வேண்டிய போதனை யாது?

பூஜை முடிந்து, சுண்டலும் பொங்கலும் உண்டு, பாட்டியும் பேரனும் ஒருங்கே அமர்ந்து பார்க்கும் படத்தின் வலிமை பெரிது. படம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல், நக்கீரர் ஏன் பணியவில்லை என்று தந்தையர் தம் மக்களை வினவுவார்களாக. அதுவே நாகராஜனுக்கு நாம் செய்யத்தக்க சிறந்த ஞாபகார்த்தமாகும்.