எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு 'மேடம்'... பாகிஸ்தானுக்கே குரல் கொடுத்த நூர்ஜஹான் கதை தெரியுமா?

'பசூரி' பாட்டு ஞாபகம் இருக்கா? 2022-ல் உங்க ரீல்ஸ் முழுக்க ஓடிட்டு இருந்ததே, அதேதான். அர்த்தம் தெரியாமலே முணுமுணுத்திருப்பீங்க. பாகிஸ்தான்ல இருந்து வந்த அந்தப் பாட்டுல பஞ்சாபியும் உருதுவும் கலந்து இருக்கும். பாகிஸ்தான்னா உருதுதானே, இதுல பஞ்சாபி எங்க இருந்து வந்துச்சுன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?

அந்த நாட்டோட பண்பாட்டைப் புரிஞ்சுக்க நீங்க தடிமனான வரலாற்றுப் புத்தகத்தைத் தேட வேண்டாம். ஒரு பெண்ணோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கிட்டாலே பாதி புரிஞ்சிடும். அவர் பெயர் நூர்ஜஹான். பள்ளிப் பாடத்துல படிச்ச முகலாய மகாராணி இல்லீங்க, இவர் பாட்டு மகாராணி. 'மலிகா-ஏ-தரன்னும்', அதாவது இன்னிசையின் அரசி என்பது மக்கள் அவருக்குக் கொடுத்த பட்டம். சினிமாக்காரர்களுக்கு அவர் எப்பவுமே 'மேடம்'.

கசூர் டு பம்பாய்

லாகூருக்குப் பக்கத்துல கசூர் என்று ஒரு ஊர். சூஃபி கவிஞர் புல்லே ஷாவின் தர்கா இருக்கும் ஊர். 1926-ம் ஆண்டு செப்டம்பரில் அங்கே ஓர் இசைக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு அல்லா வசாய் என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயசிலேயே மேடையில் பாட ஆரம்பித்துவிட்டாள். சினிமா வாய்ப்பு தேடி குடும்பம் கல்கத்தாவுக்குப் போக, அங்கேதான் அல்லா வசாய், 'பேபி நூர்ஜஹான்' ஆனாள்.

1942-ல் லாகூரில் எடுக்கப்பட்ட 'கான்தான்' படம் அவரை ஹீரோயின் ஆக்கியது. அதில் ஹீரோ யார் தெரியுமா? பின்னாளில் இந்தி சினிமாவின் பெரிய வில்லனாகக் கலக்கிய பிரான். படத்தின் இயக்குநர் ஷௌகத் ஹுசைன் ரிஸ்வியையே கல்யாணம் செய்துகொண்டு பம்பாய்க்குப் போனார் நூர்ஜஹான்.

அதுக்கப்புறம் பம்பாயே அவர் கையில். 1946-ல் நௌஷாத் இசையில் வந்த 'அன்மோல் கடி' பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது. 1947-ல் திலீப் குமாரோடு நடித்த 'ஜுக்னு' அந்த வருஷத்தின் பெரிய ஹிட். அப்போ வாய்ப்புக்காக அலைந்துகொண்டிருந்த ஒரு டீன் ஏஜ் பெண், நூர்ஜஹானின் 'படி மா' படத்தில் ஒரு சின்ன வேஷத்தில் தலைகாட்டினாள். அவள் பெயர் லதா மங்கேஷ்கர். லதாவின் ஆரம்பகாலப் பாடல்களைக் கேட்டுப் பாருங்க, நூர்ஜஹானின் சாயல் அப்படியே தெரியும்.

உச்சத்தில் இருக்கும்போது கிளம்பினால்?

இப்போ உங்களையே அந்த இடத்தில் வெச்சுப் பாருங்க. வயசு 21. நாட்டின் நம்பர் ஒன் ஸ்டார். திடீர்னு நாடு இரண்டாகப் பிரியுது. பணமும் புகழும் பம்பாயில், பிறந்த மண் எல்லைக்கு அந்தப் பக்கம். என்ன செய்வீங்க?

பெஷாவரில் பிறந்த திலீப் குமார் பம்பாயிலேயே இருந்துவிட்டார். பிரான் லாகூரை விட்டு பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். நூர்ஜஹான் எதிர்த்திசையில் கிளம்பினார். அவர் போனபோது லாகூர் சினிமா கிட்டத்தட்ட செத்துக் கிடந்தது. இந்து, சீக்கியத் தயாரிப்பாளர்கள் பலர் இந்தியாவுக்கு ஓடிவந்துவிட்டார்கள். ஷோரி குடும்பம் விட்டுப்போன ஸ்டூடியோவை நூர்ஜஹானும் ரிஸ்வியும் எடுத்துச் சீர்படுத்தி, இருவர் பெயரையும் சேர்த்து 'ஷாநூர் ஸ்டூடியோ' ஆக்கினார்கள். 1951-ல் அவர் நடித்து வெளிவந்த 'சன்வே' படத்தின் டைட்டில் கார்டில் இயக்குநர் என்றும் அவர் பெயர் இருந்தது. பாகிஸ்தானில் படம் இயக்கிய முதல் பெண் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது.

கவனிங்க, அது பஞ்சாபிப் படம். இங்கேதான் நாம ஆரம்பத்தில் கேட்ட கேள்வி வருது.

ஒரு நாடு, எத்தனை நாக்கு?

புது நாட்டை மதம் ஒன்றாகக் கட்டிவைத்தது. ஆனால், மக்கள் பேசியது பஞ்சாபி, சிந்தி, பஷ்தோ, பலூச்சி, வங்காளி. தேசிய மொழியான உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இன்றைக்கும் 10 சதவிகிதத்துக்கும் குறைவுதான். பஞ்சாபிக்காரர்களோ 40 சதவிகிதத்துக்குப் பக்கம். வீட்டில் பேசும் பஞ்சாபி, படிச்சவங்க மத்தியில் பட்டிக்காட்டு பாஷையாகப் பார்க்கப்பட்டது. உருது மட்டுமே அரசு மொழி என்ற பிடிவாதத்தால் 1952 பிப்ரவரி 21-ல் டாக்காவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காயம் ஆறவே இல்லை. 1971-ல் வங்கதேசம் தனி நாடாகவே பிரிந்துபோனது.

அரசு மொழிகளுக்கு நடுவே வேலி போட்டுக்கொண்டிருந்தபோது, நூர்ஜஹான் தொண்டை அந்த வேலியைக் கண்டுகொள்ளவே இல்லை. காலையில் உருது கஸல், மாலையில் பஞ்சாபி கிராமத்துப் பாட்டு. அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகச் சிறையில் அடைக்கப்பட்ட கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் கவிதையை அவர் பாடினார். 1962-ல் 'கைதி' படத்தில் வந்த அந்தப் பாட்டு எவ்வளவு பிரபலம் என்றால், அது இனி நூர்ஜஹானுக்கே சொந்தம் என ஃபைஸே விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

1965 செப்டம்பரில் இந்தியா-பாகிஸ்தான் போர். லாகூர் எல்லைக்கு மிக அருகில் இருக்கும் நகரம். அந்த 17 நாள்களில் நூர்ஜஹான் லாகூர் வானொலி நிலையத்துக்குப் போய்ப் பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடினார். அதில் மக்கள் மனதில் ஆழமாக இறங்கியது, போர்முனைக்குப் போன மகன்களைப் பற்றி சூஃபி தபஸ்ஸும் எழுதிய பஞ்சாபிப் பாட்டு. பட்டிக்காட்டு பாஷை என்று ஒதுக்கியவர்களும் அதைக் கேட்டு அழுதார்கள். நமக்கு அது எதிர்ப்பக்கத்துப் பாட்டுதான். ஆனாலும், அதே குரலின் 'அன்மோல் கடி' பாடல்களை இந்திய வீடுகள் மறக்கவில்லை என்பதும் உண்மை.

வீட்டுக்குள் நடந்த போர்

முதல் திருமணம் முறிந்தது. 1959-ல், தன்னைவிட இளையவரான நடிகர் எஜாஸ் துரானியை மணந்தார். மூன்று, மூன்று என மொத்தம் ஆறு குழந்தைகள். அறுபதுகளில் நடிப்பை நிறுத்தியவர், பின்னணிப் பாடகியாக இன்னும் உயரமாக எழுந்தார். 1970-ல் பஞ்சாபின் நாட்டுப்புறக் காதல் காவியமான 'ஹீர் ராஞ்சா' படமானது. ஹீரோ அவர் கணவர் எஜாஸ். ஹீரோயின் ஃபிர்தௌஸ். காதலில் உருகும் ஹீருக்குப் பின்னணிக் குரல் நூர்ஜஹான். கொஞ்ச நாளில் இந்தக் கல்யாணமும் முடிந்துபோனது. அடுத்த முப்பது வருஷத்தில் அவர் குரல் இல்லாத பஞ்சாபிப் படத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். பிள்ளைகளை வளர்க்கச் சம்பாதித்ததும் அந்தக் குரல்தான்.

அவர் ஸ்டைலைப் பற்றிச் சொல்லாமல் போனால் எப்படி? பளபளக்கும் புடவை, கழுத்து நிறைய நகை, தூக்கிக் கட்டிய கொண்டை. 1977-ல் ஜியா உல் ஹக் ஆட்சி வந்த பிறகு, தொலைக்காட்சியில் பெண்கள் தலையில் துப்பட்டா போடணும் என்று கெடுபிடி. புடவை 'அந்தப் பக்கத்து' உடையாகப் பார்க்கப்பட்டது. மேடம் அதுக்காகத் தன் புடவையை விடவில்லை. எது நம்ம பண்பாடு என்று மேலே இருப்பவர்கள் பட்டியல் போட்டபோது, அவர் தனக்குப் பிடித்ததைக் கட்டிக்கொண்டு பாடினார். ஜனங்களும் அவரையே கேட்டார்கள்.

35 வருஷம் கழித்து...

1982-ல் பம்பாய் அவரைத் திரும்ப அழைத்தது. இந்தியப் பேசும் படத்தின் பொன்விழாவில், திலீப் குமார் வரவேற்க, பழைய பாட்டைப் பாடினார். வந்திருந்த கூட்டம் அவரை வேற்று நாட்டுக்காரராகப் பார்க்கவில்லை. 2000 டிசம்பர் 23-ல் கராச்சியில் அவர் இறந்தபோது அது ரமலான் மாதத்தின் 27-ம் இரவு. முஸ்லிம்களுக்குப் புனிதமான அந்த இரவில்தான் 1947-ல் பாகிஸ்தானே பிறந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் நினைவுகூர்வார்கள். அன்றைக்கே கராச்சியில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு நாட்டோட அடையாளம் கொடியிலும் சட்டத்திலும் மட்டும் இருக்கிறது இல்லை பாஸ். அம்மா சமையல்கட்டில் எந்த மொழியில் பாடுகிறாள் என்பதிலும் இருக்கு. அதனாலதான் பஞ்சாபி 'பசூரி' உலகம் முழுக்கப் போனப்போ பாகிஸ்தான் இளைஞர்கள் அவ்வளவு பெருமைப்பட்டாங்க. அந்தப் பெருமைக்கான பாதையில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் கசூர்ப் பொண்ணு. இன்னைக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'அன்மோல் கடி'யில் இருந்து ஒரு பாட்டு, 'ஹீர் ராஞ்சா'வில் இருந்து ஒரு பாட்டு கேட்டுப் பாருங்க. நடுவில் ஒரு எல்லைக்கோடு விழுந்திருக்குன்னு அந்தக் குரலை வெச்சு உங்களால சொல்லவே முடியாது!