அறிஞர் சித்தி லெப்பை கண்ட குறிக்கோள்

வருஷக் கடைசியில் சரக்குக் கணக்கெடுப்பது நம் வர்த்தகர்களுக்குப் புதிதல்ல. கையிருப்பு எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு என்று பேரேட்டை ஏடு ஏடாகப் புரட்டிப் பார்க்கிறோம். ஆனால், இத்தனை உழைப்பும் எதை நோக்கிப் போகிறது என்ற கேள்விக்குத் தம் பேரேட்டில் ஓர் ஏட்டை ஒதுக்கி வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கல்லா நிறைந்தால் நல்ல நாள், நிறையாவிட்டால் கெட்ட நாள் என்ற கணக்கிலேயே முப்பது, நாற்பது வருஷங்கள் கழிந்துவிடுகின்றன.

அந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, கிடைத்த பதிலுக்காகத் தம் மீதி ஆயுளையே ஒப்படைத்துவிட்ட ஒரு பெரியாரின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். அவர்தாம் இலங்கையின் மலைத் தலைநகரான கண்டியிலே தோன்றிய மர்ஹூம் முகம்மது காசிம் சித்தி லெப்பை அவர்கள்.

அன்னார் 1838ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் தேதி பிறந்தார்கள். அவருடைய முன்னோர் அளுத்கம என்னும் கடலோர ஊரிலிருந்து வியாபாரத்துக்காகக் கண்டிக்கு ஏறி வந்தவர்கள். தந்தையார் வியாபாரத்தில் நிற்காமல் சட்டம் பயின்று, இலங்கை முஸ்லிம்களில் முதலாவது வழக்கறிஞர் என்று பெயர் பெற்றார். மூத்த சகோதரரோ அரபியிலும் தமிழிலும் வல்ல ஓர் ஆலிம். இப்படி ஒரு பக்கம் நீதிமன்றத்தின் ஆங்கிலமும், மறு பக்கம் மார்க்கக் கல்வியும் தமிழும் ஒரே வீட்டுக்குள் வாசம் செய்தன. அந்நாளில் இது அபூர்வமான காட்சி. இளைஞர் சித்தி லெப்பை மூன்றையும் பருகி வளர்ந்தார். 1862இல் தாமும் வழக்கறிஞரானார். இரண்டு வருஷங்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்காடும் தகுதியும் கிடைத்தது. நகர சபை அங்கத்தினர் பதவியும் நீதவான் ஆசனமும் பின்னாலேயே வந்தன. வீட்டு வாசலில் கட்சிக்காரர்கள் காத்து நின்றார்கள். இன்னும் இருபது வருஷங்கள் இதே வழியில் நடந்திருந்தால், கண்டியில் பெரிய தோட்டமும் மாளிகையும் வைத்துவிட்டுப் போயிருப்பார். நாமும் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஆனால் அவர் கண்ணில் வேறொரு காட்சி உறுத்திக்கொண்டே இருந்தது. இலங்கைச் சோனகர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆங்கிலம் கற்பித்த பள்ளிகளில் பெரும்பாலானவை பாதிரிமார்களின் கையில் இருந்தன. அங்கே எழுத்தோடு பைபிளும் சேர்ந்தே வந்தது. பிள்ளையின் ஈமான் போய்விடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஓதும் பள்ளியில் குர்ஆனை ஓத முடித்ததும் பையனைக் கடையில் உட்கார வைத்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. வியாபாரம் நடந்தது, பணமும் வந்தது. ஆயினும் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்ல அடுத்த சமூகத்தாரைத் தேடி ஓட வேண்டியிருந்தது. நீதிமன்றத்திலே நாள்தோறும் நின்ற சித்தி லெப்பைக்கு இது புத்தகத்தில் படித்த சங்கதியன்று. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் கையொப்பமிட்டுவிட்டுத் தவிப்போரை எந்த வழக்கறிஞர்தான் சந்தித்ததில்லை!

மற்ற சமூகத்தார் இதே இக்கட்டுக்கு வழி கண்டுகொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பாடநூலும் அச்சுக்கூடமும் உண்டாக்கிவிட்டு 1879இல் மறைந்தார். 1880இல் வந்திறங்கிய அமெரிக்கர் கர்னல் ஆல்காட் பௌத்தர்களைத் திரட்டிப் பள்ளிகள் கட்டத் தூண்டினார். வட இந்தியாவிலோ ஸர் சையித் அகமது கான் 1875இல் அலிகாரில் பள்ளியைத் தொடங்கிவிட்டார். சோனகர்களுக்கு மாத்திரம் யாரும் இல்லை.

இந்த இடத்தில்தான் அன்னாருடைய வாழ்க்கை திரும்புகிறது. சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பொதுவாக ஆசைப்பட்டவர்கள் அன்றும் ஏராளம், இன்றும் ஏராளம். அத்தகைய ஆசை ரம்ஜான் மாதத்தில் பொங்கி, ஷவ்வாலில் அடங்கிவிடும். சித்தி லெப்பை அவர்கள் தம் ஆசையைச் சுருக்கி, ஒரே ஒரு காரியமாக்கிக் கொண்டார்கள்: முஸ்லிம் பிள்ளை தன் மார்க்கத்தை விடாமல் ஆங்கிலமும் உலகக் கல்வியும் கற்பதற்கு முஸ்லிம்களே நடத்தும் பள்ளிக்கூடம் வேண்டும். இதற்கு உதவுவதை வைத்துக்கொண்டார்கள், உதவாததை உதறினார்கள். உதறியவற்றில் முதலாவது, நல்ல வருமானம் தந்த வழக்கறிஞர் தொழில். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. வாலிபம் போய்விட்டது, இனி மக்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நம்மில் பலர் சாய்வு நாற்காலியைத் தேடும் வயது!

பள்ளிக்கூடம்தான் குறிக்கோள் என்றாலும், எடுத்த எடுப்பில் அவர் கட்டடத்துக்குக் கல் நாட்டவில்லை. வேண்டும் என்று ஜனங்கள் நினைக்காத ஒன்றைக் கட்டினால் யார் வருவார்கள்? ஆகவே 1882 டிசம்பர் 21ஆம் தேதி ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சரக்கு வருமுன் விளம்பரப் பலகை மாட்டும் வியாபாரிக்கு இந்த யுக்தி எளிதில் விளங்கும். வாரந்தோறும் கல்வி, கல்வி என்றே அந்தப் பத்திரிகை தட்டிக்கொண்டிருந்தது. கூடவே துருக்கி, எகிப்து முதலிய தேசங்களின் செய்திகளையும் கொடுத்தது. காதர் மரைக்காயர் கல்விக் கட்டுரைக்காகப் பத்திரிகை வாங்கமாட்டார்; கெய்ரோவில் என்ன நடக்கிறது என்று அறிவதற்கு வாங்குவார். வாங்கியபின் பக்கத்திலிருக்கும் கட்டுரையையும் படித்துத்தானே ஆகவேண்டும்!

அது தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்தும் அச்சில் பேசத் தொடங்கியிருந்த காலம். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1875இல் ‘சிங்கை வர்த்தமானி’யையும், பின்பு 1887இல் ‘சிங்கை நேச’னையும் வெளியிட்டார். நம் பக்கத்துப் பினாங்கிலே நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் ‘வித்தியா விசாரிணி’யைத் தொடங்கினார். கப்பலில் மூட்டையோடு மூட்டையாகப் பத்திரிகைக் கட்டும் போய்வந்த அந்த நாட்களை நினைத்தால் நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

முஸ்லிம் நேசன் பிறந்து மூன்று வாரம் ஆவதற்குள், 1883 ஜனவரியில், எகிப்திலே ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கினார்கள். சோனகர்கள் துறைமுகத்தில் திரண்டார்கள். பாஷா 1901 வரை இலங்கையில் இருந்தார். சித்தி லெப்பை அவர்கள் பாஷாவின் நட்பையும் தம் ஒரே காரியத்துக்குத் துணையாக்கிக் கொண்டார்கள். ஒரு நாட்டுப் படைக்குத் தலைமை வகித்தவர் கல்வி வேண்டும் என்றால், அதைத் தட்டிப் பேச யாருக்குத் துணிவு வரும்?

1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் அல்மதுறஸத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமியா என்ற பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. குறிக்கோள் கைகூடிவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பள்ளி போதிய ஆதரவின்றிச் சில காலத்திலேயே நலிந்து போயிற்று.

ஏன் நலிந்தது என்பதை வர்த்தகர்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் மேலிருந்த ஐயம் ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் அபிப்பிராயத்தில், பணமுடை. மலைநாட்டுப் பொருளாதாரம் முழுவதும் காப்பித் தோட்டங்களின் மேல் நின்றது. 1869இல் காப்பிச் செடியின் இலையில் ஒரு பூஞ்சண நோய் கண்டது; பத்துப் பதினைந்து வருஷங்களில் தோட்டங்கள் அழிந்தன. பள்ளி திறந்த அதே 1884இல், தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் முறிந்தது. தோட்டத்தை நம்பிக் கடை வைத்தவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று பேராக்கில் இருக்கும் நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோலகங்சாரில் 1877இல் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கி, சுங்கை சிப்புட் வரையிலும் அதற்கு அப்பாலும் பரந்த பால்மரக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறிவிட்டது. மாதச் சம்பளத்தன்று கடன் அடைக்க வரிசையில் நின்ற தோட்டத்து ஜனங்கள் பட்டணம் போய்விட்டார்கள். 1985இல் ஈயத்தின் விலை விழுந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் மூடிக்கொண்டன. ஈப்போவிலும் கம்பாரிலும் எத்தனையோ கடைகள் களையிழந்தன. கடையைத் தவிர வேறு எதையும் மக்களுக்கு வைத்துப் போகாத குடும்பங்கள் அப்போது பட்ட பாட்டை நாம் அறிவோம்.

பள்ளி நலிந்ததும் சித்தி லெப்பை அவர்கள் கண்டிக்குத் திரும்பி மறுபடியும் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. குறிக்கோளை மாற்றாமல் வழியை மாற்றிப் பார்த்தார். 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார். எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே களவாடப்பட்டு, பம்பாயில் வளரும் ஒரு வாலிபனின் கதை அது. தமிழில் நாவல் என்ற பொருளே அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்து ஆறு வருஷங்களே ஆகியிருந்தன. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்ற சிறப்பு அசன்பேக்கு உண்டு. கட்டுரை படிக்கச் சோம்பியவனும் கதை என்றால் விடமாட்டான் அல்லவா? பிள்ளைகள் கற்பதற்கு வேண்டிய பாடநூல்களையும் அவரே எழுதினார். மலையகத்து ஊர்களிலே சிறு சிறு பள்ளிகள் தோன்றத் தூண்டுகோலாக இருந்தார். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை, அதற்கு அறுபது எழுபது வருஷங்களுக்குப் பின்னும் பெண்ணை ஆறாம் வகுப்போடு நிறுத்திய குடும்பங்களைக் கண்டவர்கள் அறிவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, தாம் தனியாக எதையும் நிலைநாட்ட முடியாது என்பதை அவர் உணர்ந்துகொண்டார். எழுத்து அவரிடம் இருந்தது; பணமும் இடமும் ஆள்பலமும் வேறொருவரிடம் இருந்தன. அவர்தாம் வாப்பிச்சி மரைக்கார். பெரிய கட்டட ஒப்பந்தக்காரர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு அரும்பொருட்சாலை அவர் கட்டியது. திறப்பு விழாவில் கவர்னர் கிரெகரி என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்க, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடி வைத்தால் போதும் என்று மரைக்கார் வேண்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். பொன்னையோ பூமியையோ கேட்காமல் ஜும்ஆவை நினைத்துக் கேட்டவர் அவர். வழக்கறிஞரும் கொத்தர்களின் தலைவரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பாஷாவும் பக்கபலமாக நின்றார். நலிந்த பள்ளிக்கு மறு உயிர் கொடுப்பதுபோல, 1892 ஆகஸ்ட் 22ஆம் தேதி மருதானைப் பள்ளிவாசலின் அருகில் அல்மதுறஸத்துல் ஸாஹிறா திறக்கப்பட்டது.

இந்த இடத்தில் அன்னாருடைய குணத்தைக் கவனிக்க வேண்டும். எட்டு வருஷங்களுக்கு முன் தாம் தொடங்கிய பள்ளிதான் மூலம் என்று அவர் உரிமை கொண்டாடியிருக்கலாம். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு சங்கத்தில் சேர்ந்தால், கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்ற சண்டையிலேயே சங்கம் முறிந்து போவதை நாம் பார்க்காத ஊர் உண்டா? ஸாஹிறாவின் ஸ்தாபகர் என்று இன்றும் வாப்பிச்சி மரைக்காரின் பெயரே முதலில் சொல்லப்படுகிறது. பள்ளி நடக்கவேண்டும் என்பதுதான் சித்தி லெப்பை அவர்களுடைய குறிக்கோளாக இருந்தது. தம் பெயர் நடக்கவேண்டும் என்பது அதிலே எழுதப்படவில்லை.

பிற்காலத்தில் ஸாஹிறா, கல்லூரியாக ஓங்கியது. 1921 முதல் 1948 வரை டி. பி. ஜாயா அவர்கள் அதிபராக இருந்த காலத்தில் இலங்கை முஸ்லிம்களின் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் அங்கிருந்து கிளம்பினார்கள். 1977இல் இலங்கை அரசாங்கம் சித்தி லெப்பை அவர்களின் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரால் ஒரு வித்தியாலயமும் இருக்கிறது.

இவை ஒன்றையும் அவர் காணவில்லை. 1898ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் தேதி, அறுபது வயது நிரம்புமுன்பே அன்னார் கண்டியில் வபாத்தானார்கள். அன்று ஸாஹிறாவுக்கு வயது ஐந்தரை.